உங்காளுக ஓட்டு யாருக்குங்க?

குன்னூரிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், மூன்றாவது வளைவில், ரங்கசாமியின் டீக்கடை இருக்கிறது. மூன்று வருடமாகத் தினமும் காலையில் அங்கே போகிறேன். மூன்று வருடமாக, "பால் வேணாங்க, வெறும் சாயத்தண்ணி, சீனியக் கையில குடுங்க" என்று கேட்கிறேன். மூன்று வருடமாக அவரும் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, நுரை பொங்க ஆற்றித்தான் தருகிறார். ஒரு நாள், "ஒடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். சீனியை உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பது நோயாளிகளின் வேலை என்று அவருக்கு நினைப்பு. போகட்டும், பாலையாவது விழுங்கிவிடலாம். தேர்தல் வந்ததும் அந்தக் கிளாஸோடு சேர்த்து அவர் வைத்த கேள்விதான் தொண்டையில் நின்றது. "ஏனுங்க சிலோன்காரரே, இந்த வாட்டி உங்காளுக ஓட்டெல்லாம் யாருக்குங்க?"

அவர் மட்டும் என்றால் பரவாயில்லை. பஸ் கண்டக்டர் கேட்டார். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் கேட்டார். ஜீப்பில் வந்த கட்சிக்காரர்கள் கேட்டார்கள். என்னை நிறுத்தி, "நீ யாருக்குய்யா போடப் போறே?" என்று ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும், வரிசை வீடுகளாக நாங்கள் குடியிருக்கும் லயம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஆட்களாம்! அங்கே சிலோன் மலைநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியும். இங்கே எங்கள் லயத்தில் பதுளையிலிருந்து வந்தவன் அட்டன்காரனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரத்தினபுரியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த இரண்டு பேரும் ஆகாது. கப்பலில் வந்ததும் எங்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் யார் முதலில் இறங்கியது, யாருக்கு முதலில் போர்வை கொடுத்தார்கள் என்கிற சண்டையே இன்னும் தீரவில்லை. தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அதில் எந்தக் குடத்தை முதலில் வைப்பது என்று இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நாங்கள் ஒருமனதாக முடிவெடுத்தது கிடையாது. இப்படிப்பட்ட நாங்கள் எல்லாரும் ஒரே பெயருக்கு முத்திரை குத்துவோம் என்று இந்த ஊரில் படித்தவர், படிக்காதவர் அத்தனை பேரும் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கை எனக்குப் புதியதும் அல்ல. என் அப்பா தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டவர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மழையில் கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மலை இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். பெரியப்பாவும் அவரோடுதான் போனார். திரும்பி வரும்போது யாருக்குப் போட்டோம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ள, ஆளுக்கொரு பக்கம் போட்டிருந்தது தெரிந்துபோய், பாதி வழியிலேயே கைகலப்பு. அதன் பிறகு ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்துகொண்டு இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. கொழும்பில் இருந்த பெரிய மூளைகளோ, தோட்டத்துத் தமிழர்கள் மொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள், இது நாட்டுக்கே ஆபத்து என்று கண்டுபிடித்தன. குடியுரிமையைப் பறித்தார்கள், ஓட்டும் அதோடு போயிற்று. பேசாமல் இருந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்தே போயிற்று. அப்பா சாகும்வரை, "நாங்க ரெண்டு பேரும் வேற வேறதானேடா போட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரிடம் போய்ச் சொல்வது? நான் ஓட்டில்லாத அப்பனுக்கு ஓட்டில்லாத மகனாக நாற்பது வயதைத் தாண்டினேன்.

அதனால்தான் தம்பி தங்கவேலுவின் கடிதம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி இன்னும் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறான். சிலோன் குடியுரிமைக்கு அவன் போட்ட மனு எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. இந்தியக் குடியுரிமைக்குப் பெயர் கொடுத்து இங்கே வருவதென்றால் அதைத் தீபாவளிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவன் எழுதியிருந்தான்: "அண்ணே, அங்க நம்மளுக்கு ஓட்டு இருக்காமே, நெசமா? நம்மளையும் ஒரு ஆளுன்னு கேக்குறாங்களா? அப்படின்னா நானும் பேரக் குடுத்துட்டு வந்துர்றேன். நீங்க என்னா எழுதுறீங்களோ அதுதான்." அன்றே பதில் போட்டேன். இருக்கிறதடா, பெயர் பட்டியலில் வந்துவிட்டது, போட்டுவிட்டு விவரமாக எழுதுகிறேன், அதுவரை பொறு என்று கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டே எழுதினேன். அவன் அங்கேயே இருப்பதா, குடும்பத்தை இழுத்துக்கொண்டு கப்பல் ஏறுவதா என்பது என் அடுத்த கடிதத்தில் இருந்தது.

இனி எங்கள் தலைவர் வீரையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு ஒரு தலைவர் இருப்பார், அவர் பேசினால் லயமே பேசியதாகக் கணக்கு என்கிற பழக்கத்தை நாங்கள் பெட்டி படுக்கையோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். கட்சிக்காரர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வீடு வீடாகப் போய்ச் சேற்றில் கால் வைக்கிற தொல்லை இல்லை. ஆளுங்கட்சி ஜீப் வந்தது, வீரையாவிடம் பேசியது, லயத்துக்கு இன்னொரு குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனது. எதிர்க்கட்சி ஜீப் வந்தது, அதே வீரையாவிடம் அதே குழாயைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனது. மனுஷன் இரண்டு பேரிடமும், "அம்புட்டு ஓட்டும் ஒங்களுக்குத்தாங்க" என்று எங்களைத் தூக்கிக் கொடுத்தார். கடைசியில் எதிர்க்கட்சிப் பக்கம் மனம் சாய்ந்து, குழாயடியில் எங்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார். "மேலருந்து ரெண்டாவது. வெளங்குதா? கண்ண மூடிக்கிட்டு ரெண்டாவதுல குத்திட்டு வந்துருங்க." எல்லாரும் தலையாட்டினோம். என் மனைவி செல்லாயி, "சரிங்க தலைவரே" என்று வாய்விட்டே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அவளைப் பிடித்துக் கத்தினேன். "நீயெல்லாம் ஒரு ஜென்மமா? அவன் சொன்னா ஒடனே தலையாட்டணுமா?" அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "குழாயடியில வச்சு அவருகிட்டச் சண்ட போடவா சொல்றீங்க?" என்றாள்.

இந்த ரங்கசாமியின் சொந்தக்காரர்கள் கோயில் மைதானத்தில் கூடி, யாருக்குப் போடுவது என்று பேசி முடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பெயர் ஊர்க்கட்டுப்பாடாம். நாங்கள் குழாயடியில் கூடினால் மட்டும் மந்தை. இதை அவரிடமே கேட்டேன். "அது எங்க ஊருங்க, நாலும் பேசித்தானுங்க முடிவு பண்ணுவோம். உங்காளுகளுக்குச் சொல்றதுக்கு ஆள் வேணுமுங்களே?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கிளாஸ் பாலை நீட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஓட்டுப்பதிவு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அன்று நாங்கள் அடித்த கூத்தை உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். விடியற்காலையில் யாரும் கூப்பிடாமலே பெரட்டுக் களத்தில் போய் நின்றோம். வேலைக்குப் போகுமுன் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆளைப் பிரித்து அனுப்புகிற அதே இடம். அங்கிருந்து ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். வீரையா வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனோம். தேர்தல் அதிகாரி குன்னூர்ப் பள்ளி வாத்தியார் ஒருவர். எட்டிப் பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருப்பா நீ? இங்கெல்லாம் நின்னு பேர் கூப்பிடக்கூடாது. வெளிய போங்க" என்று வீரையாவைத் துரத்திவிட்டார். அதோடு வரிசை நின்றுபோயிற்று.

ஒருவரும் நகரவில்லை. பெயர் கூப்பிடாமல் எப்படி உள்ளே போவது? "வாங்க, வாங்க" என்று அதிகாரி கை காட்டினார். நாங்கள் அவரைப் பார்த்தோம், அவர் எங்களைப் பார்த்தார். கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அந்தப் பாவப்பட்ட வாத்தியாரே பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பெயர்களைக் கூப்பிட்டார். வரிசை மடமடவென்று நகர்ந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த ஆளுங்கட்சி ஏஜெண்டு, "பாருங்க சார், ஆட்டு மந்தையாட்டம் ஓட்டிட்டு வந்திருக்கானுக" என்று கத்தினான். எனக்கு முன்னால் போட்டுவிட்டு வந்த கருப்பையாக் கிழவர் மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இன்னைக்குப் பேரு விழுந்துருச்சுங்களா?" என்று அதிகாரியிடம் கேட்டார். பேர் விழுந்தால் ஒரு நாள் கூலி. வாத்தியாருக்கு அது எங்கே தெரியும்? "உங்க பேரு லிஸ்ட்ல இருக்குது பெரியவரே, போய்ட்டு வாங்க" என்றார். கிழவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். நான் இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். இவர்களுக்கெல்லாம் எதற்கு ஓட்டு என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். கொழும்புக்காரர்கள் நினைத்ததும் அதைத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் முறை வந்தது. விரலில் மை வைத்து, மடித்த தாளையும் முத்திரைக் கட்டையையும் கொடுத்தார்கள். தட்டிக்குப் பின்னால் போனேன். எத்தனை நாளாகக் காத்திருந்த இடம் அது! துரை இல்லை, கங்காணி இல்லை, வீரையா இல்லை, ரங்கசாமி இல்லை. யாருக்குப் போடுவது என்று பத்து நாளாக யோசித்து வைத்திருந்தேன், அது வீரையா சொன்ன பெயர் அல்ல. தாளை விரித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான். கை நேராகப் போய் மேலிருந்து இரண்டாவதில் குத்தியது. குத்திய பிறகுதான் பார்த்தேன். யாரும் பயமுறுத்தவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் வேறு இடத்தில் குத்தினால் எப்படியோ தெரிந்துவிடும், நாளைக் காலை பெரட்டில் என் பெயரை மட்டும் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள் என்று முதுகில் ஒரு பயம் இருந்திருக்கிறது. அப்பன் ஒரு தடவை போட்டதை நினைத்தேன். தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் செல்லாயியிடம், "என்னா, தலைவர் சொன்னபடி குத்திட்டியா?" என்று நக்கலாகக் கேட்டேன். என் அவமானத்தை அவள் தலையிலும் கொஞ்சம் இறக்கிவைக்கலாம் என்ற எண்ணம்தான்.

"நான் கொடைக்குப் போட்டேன்" என்றாள்.

குடைச் சின்னத்தில் நின்றவர் ஸ்டவ் ரிப்பேர் செய்கிற ஒரு சுயேச்சை. ஜீப் கிடையாது, கொடி கிடையாது. மழையில் நனைந்துகொண்டு லயத்துக்கு நடந்தே வந்தவர். எங்கள் வாசலில் குடிக்கத் தண்ணீர் கேட்டாராம்.

"தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு, ஒங்க பேரு என்னாம்மான்னு கேட்டாரு. இந்த ஊருக்கு வந்து மூணு வருசத்துல எம்பேரக் கேட்டது அந்த மனுசன் ஒருத்தருதாங்க. தோத்துருவாருன்னு தெரியும். தோத்தா என்னா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்றாள்.

"ஓட்டை வெளியே சொல்லக்கூடாது, சட்டம்" என்று சொல்லிவிட்டு வெளியே எழுந்து வந்துவிட்டேன். ஆமாம், சட்டம் பேசினேன். வேறு என்ன செய்ய?

அந்தத் தடவை பெட்டி பெட்டியாகத்தான் எண்ணினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் திறந்தால், ஆளுங்கட்சிக்குக் கொஞ்சம், எதிர்க்கட்சிக்குக் கொஞ்சம், குடைக்குக்கூடக் கொஞ்சம், தாறுமாறாகக் குத்திச் செல்லாமல் போனது கொஞ்சம் என்று சிதறிக் கிடந்ததாம். 'மந்தை' போட்ட ஓட்டு! இரண்டு கட்சியும் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? தோற்றவர்கள், லயத்துக்காரர்கள் மொத்தமாகச் சேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள் என்றார்கள். ஜெயித்தவர்கள், இவர்கள் மொத்தமாக அந்தப் பக்கம் போட்டவர்கள் என்று குழாயை மறந்துவிட்டார்கள். ரங்கசாமி பால் டீயை நீட்டிக்கொண்டே, "ஏனுங்க, உங்காளுக எல்லாரும் ஒண்ணாச் சேந்து ஏமாத்திட்டீங்களாமுங்க?" என்றார். பிரிந்து போட்டாலும் நாங்கள் ஒன்றாகத்தான் பிரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. செல்லாயி குடைக்குப் போட்டதை அவரிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், "அப்ப நீங்க?" என்று கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்க மாட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

போன வாரம் தங்கவேலுவின் அடுத்த கடிதம் வந்தது. சிலோன் மனுவுக்கு இன்னும் பதில் இல்லையாம். தோட்டத்து ஆபீசில் இந்தியாவுக்கான தாளை வாங்கி, கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறானாம். தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கடைசி வரியில், "ஓட்டுப் போட்டீங்களா அண்ணே? நம்ம அப்பா மாதிரி ஒங்க இஷ்டத்துக்குப் போட்டீங்களா? யாருக்குப் போட்டீங்க?" என்று எழுதியிருக்கிறான்.

இந்த நாட்டுக்கு வந்த நாளாக, என் வீட்டுக்காரியைத் தவிர, எந்த மனிதராவது கேட்க மாட்டாரா என்று நான் ஏங்கிய கேள்வி. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. நீல நிற ஏர்மெயில் தாள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் பதுளைத் தோட்டத்து லயத்தின் விலாசத்தை எழுதிவிட்டேன். பின்பக்கத்தில் இந்த லயத்தின் விலாசத்தையும் எழுதிவிட்டேன். உள்ளே எழுத உட்கார்ந்தால் மை வைத்த விரல்தான் தாளின் மேல் கிடக்கிறது. எட்டு நாளாகிறது, இன்னும் ஒரு வரி எழுதவில்லை.