ஆளைக் குறிக்காத கேள்வி

எங்கள் பிரசைகள் குழு எந்தக் கட்சியையும் சாராதது. கூட்டம் தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் இதைச் சொல்லிக்கொள்வோம். சொல்லச் சொல்ல எங்களுக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. மொத்தம் பதினொரு பேர், ஏறக்குறைய எல்லோரும் ஓய்வூதியக்காரர். தலைவர் ஒருகாலத்தில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பெரிய கதிரையில் இருந்தவர். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வீட்டில் யாரும் எங்கள் பேச்சைக் கேட்காத வயதில், ஊர் கேட்கும் என்று நம்பிக் கிளம்பியவர்கள் நாங்கள்.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் இருத்தி, சனங்களின் கேள்விகளை அவர்களிடம் கேட்பது. நல்ல யோசனைதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அதைக் கெடுத்ததற்கு வெளியாட்கள் யாரும் பொறுப்பில்லை.

இரண்டு கூட்டங்கள் மேசை விரிப்பைப் பற்றியே நடந்தன. மஞ்சள் ஒரு கட்சியின் நிறம், சிவப்பு இன்னொரு கட்சியினது, பச்சையும் நீலமும் சொல்லவே வேண்டாம். கடைசியில் வெள்ளை விரித்தோம். மேடை செத்தவீடு மாதிரி இருந்தது, ஆனால் நடுநிலை உயிர்தப்பியது. சைக்கிளும் ஒரு கட்சியின் சின்னம் என்று ஒருவருக்கு நினைவு வந்ததால், தொண்டர்கள் எல்லோரும் சைக்கிள்களை மண்டபத்துக்குப் பின்னால்தான் விடவேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தண்ணீர்ப் போத்தல்களின் லேபிளிலும் ஏதோ ஒரு நிறம். கூட்டத்தன்று காலையில் இரண்டு பேர் குந்தியிருந்து எல்லா லேபிளையும் உரித்தோம். அதில் ஒருத்தி நான். நகத்துக்குள் போன பசை இரண்டு நாளாகப் போகவில்லை.

இவ்வளவு கவனமான எங்களுக்கு, பதினொரு பேரும் வாய்க்கால் கரைப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் காணி பெற்ற குடும்பங்கள் என்பது மட்டும் கண்ணில் படவில்லை. மதகுக்கு அந்தப் பக்கம் மலையகத்திலிருந்து வந்தவர்களின் குடியிருப்பு. அவர்கள் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது, எங்கள் வயல்களில் நாற்று நட்டே இடுப்பு ஒடிந்தவர்கள். அங்கிருந்து குழுவுக்கு ஒரு ஆளை எடுக்கலாமே என்று நானும் ஒருநாள் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கேள்வி சேகரிக்க அந்தப் பக்கம் போக ஒருவரும் முன்வராததால் நான் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மதகடியில் பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் லொறி வந்து நின்று, அங்கே வைத்திருந்த கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுத் திரும்பிப் போனது. மதகு பாரம் தாங்காதாம், அதனால் பவுசர் அதைத் தாண்டுவதில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தாங்கியில் பிடித்த தண்ணீர்க் கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வவுனியா ஆசுப்பத்திரியில் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீடு மதகிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே. பவுசர் வராத நாள்களில் அந்த மனிதர் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்.

"நான் சொல்றத அப்படியே எழுதுவீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

எழுதுவேன் என்றேன்.

"போன சபையில இருந்தாரே, இப்பவும் எலக்சன் கேக்குறாரே, அவருக்குத்தான் கேள்வி. பொங்கலுக்குள்ள இந்த மதகக் கட்டி பவுசர உள்ள விடுறேன்னு இந்த இடத்துல நின்னு சொன்னீங்க. எந்தப் பொங்கலுக்கு? அவ்வளவுதான்."

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். நான் 'முன்னாள் உறுப்பினர்' என்று எழுதியிருந்தேன்.

"பேரப் போடுங்க டீச்சர். இல்லாட்டி தன்னத்தான் கேக்குறாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பெயரைப் போட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகவும் கூராகவும் ஒருவரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

வேட்பாளர் கூட்டத்துக்கு முந்திய குழுக் கூட்டத்தில், கேள்வி எழுதிய அந்தத் துண்டுக் காகிதத்தைத் தலைவர் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்.

"ரீச்சர், இது ஆளைக் குறிக்குதெல்லே. இப்பிடிக் கேட்டமெண்டால் நாங்கள் மற்றப் பக்கத்தின்ர ஆக்கள் எண்டு கதைப்பினம். கொஞ்சம் பொதுவா எழுதுங்கோ. உங்களுக்குத் தெரியாத தமிழே?"

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். பயந்து எழுதினேன் என்றாலாவது மன்னிக்கலாம். நான் ஆசைப்பட்டு எழுதினேன். வீட்டில் குசினி மேசையில் இருந்து, நாலு தரம் வெட்டித் திருத்தி, இப்படி முடித்தேன்: "எமது பிரதேசத்தின் குடிநீர் விநியோகத்தையும் அதற்கான உட்கட்டமைப்பையும் மேம்படுத்துவது தொடர்பில் தங்களின் எதிர்காலத் திட்டங்கள் யாவை?" மதகு போனது, பவுசர் போனது, பொங்கல் போனது, அந்த ஆளும் போய்விட்டார். தலைவர் வாசித்துவிட்டு "அருமை, ரீச்சர்" என்றார். எனக்கும் அருமையாகத்தான் பட்டது. மூலத் துண்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

கூட்டத்தன்று அந்தப் பெண் இரண்டாவது வரிசையில் இருந்தார். கோயிலுக்குக் கட்டும் சேலை, மடியில் ஒரு பிளாஸ்ரிக் பை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

என் கேள்வியைத்தான் முதலாவதாக வாசித்தார்கள். வேட்பாளர்கள் ஏழு பேரும் அதை வெல்லம் மாதிரிச் சாப்பிட்டார்கள். ஒருவர் கடல்நீரைக் குடிநீராக்கப் போகிறார். இன்னொருவர் மகாவலியையே கொண்டுவருகிறார். முன்னாள் உறுப்பினர் ஒலிவாங்கியை வாங்கி, "மிகவும் நல்ல கேள்வி" என்று தொடங்கி, நீர் உயிரின் ஆதாரம் என்று முடித்தார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். என் வசனத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று ஒரு பாழாய்ப்போன சந்தோசம்.

அந்தப் பெண் கைதட்டவில்லை. ஒவ்வொரு கேள்வி வாசிக்கப்படும்போதும் முதுகை நிமிர்த்தி இருந்து கேட்டார், அது முடிந்ததும் சாய்ந்துகொண்டார். இரண்டரை மணித்தியாலம் அப்படி. நன்றியுரையும் முடிந்து, எல்லோரும் ரோல்ஸும் பிளேன்ரீயும் எடுக்க எழுந்தபோது என்னிடம் வந்தார்.

"டீச்சர், என் கேள்வி எப்ப வரும்?"

"அதுதானே முதலாவதா வந்தது."

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். "அது நான் கேட்டது இல்லைங்களே டீச்சர்."

நான் என்னென்னவோ சொன்னேன். அமைப்பின் விதிகள், நடுநிலை, ஒருவரையும் புண்படுத்தாமல். என் வாயில் அந்தச் சொற்கள் அழுகிப்போய் வந்தன. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரிங்க, அந்தத் துண்டக் குடுங்க, நானே கேட்டுக்கிறேன்" என்றார்.

துண்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். முன்னாள் உறுப்பினர் ஐந்து அடி தள்ளி, ரோல்ஸைக் கடித்துக்கொண்டு எங்கள் தலைவரோடு சிரித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் நேரே அவருக்கு முன்னால் போய் நின்று, அன்று மதகடியில் சொன்னபடியே கேட்டார்.

"பொங்கலுக்குள்ள மதகக் கட்டி பவுசர உள்ள விடுறேன்னு மதகுல நின்னு சொன்னீங்க. எந்தப் பொங்கலுக்குங்க?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். தடுமாறுவார் என்று பார்த்தேன், தடுமாறவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார்.

"நல்ல கேள்வி அம்மா. இதை ரீச்சரிட்டச் சொல்லுங்கோ, அவா வடிவா எழுதித் தருவா."

தலைவர் தலையாட்டினார். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த மேடையில் எத்தனையோ பேரை அற்பர்கள் என்று அதுவரை எண்ணி வைத்திருந்தேன். அந்தப் பார்வைக்கு முன்னால் அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான். கையில் பேனை வேறு இருந்தது.

அவர் மேடை ஏறினார். வெள்ளை விரிப்பின் மேல், லேபிள் இல்லாத போத்தல்கள் பாதிக்கு மேல் மூடி திறக்காமல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்தார். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டது போதும் என்று நினைத்திருப்பார்.