அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை

வண்டலூரில் விடியற்காலையில் சிங்கம் உறுமும். உயிரியல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அது பழகிப்போன சத்தம். யாரும் போர்வையைக்கூட விலக்க மாட்டார்கள். அங்காளம்மாள் மட்டும் அந்த உறுமலில் எழுந்து உட்காருவாள். பல் தேய்க்க மாட்டாள், முகம் கழுவ மாட்டாள். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, குரல் பதியும் சிவப்புப் பொத்தானை அமுக்கி, அன்றைக்கு வந்த கனவை முணுமுணுவென்று அதற்குள் சொல்லிவிடுவாள். சொல்லித்தான் ஆக வேண்டும். அடுப்பைப் பற்ற வைத்தால் கனவில் பாதி போய்விடும், டீ கொதித்தால் முழுசும் போய்விடும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்யும் துளசிங்கத்தின் மனைவி அவள். இந்த மண்ணில் நெல் விளைவித்த குடும்பம். இப்போது அதே மண்ணில் வாடகை வீடுகள் நிற்கின்றன, வாடகை தானாக வருகிறது. மகள் தீபா நாவலூரில் வேலை பார்க்கிறாள். ‘அங்காளுக்கு இன்னா கொறச்சல்’ என்று தெருவே சொல்லும். குறைச்சல் ஒன்றும் இல்லைதான். காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கனவென்றால் உங்களுக்கும் எனக்கும் வருகிற மாதிரி அரையும் குறையுமாக அவளுக்கு வராது. சினிமாக் கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்ததுபோல் வரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள், நெருப்புக்கோழி ஒன்று கடைக் கல்லாவில் உட்கார்ந்து சிமெண்ட் விற்றதாகக் கனவு கண்டாள். சிரித்துச் சிரித்துப் புருஷனிடம் சொன்னாள். அந்த மனுஷன் வாயில் எது நின்றது, இது நிற்க? கடைக்குப் போய் ஒன்றுக்குப் பத்தாக ஏற்றிச் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன? லாரிக்காரனிலிருந்து கொத்தனார் வரை அவளைக் கண்டால் ஒரே கேள்விதான்: “அண்ணி, கோழி வியாபாரம் எப்டி?” மாதக்கணக்கில் கேட்டார்கள். துளசிங்கம் கெட்ட மனுஷர் இல்லை, ஓட்டை வாய். ஆனால் அவமானப்பட்டவளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? அன்றைக்கு வாயைப் பூட்டியவள்தான்.

வேலை கிடைத்ததும் தீபா வாங்கிக் கொடுத்த போன் வந்த பிறகே அந்தப் பூட்டு கொஞ்சம் நெகிழ்ந்தது. எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்க அங்காளம்மாளுக்குப் பொறுமை கிடையாது. “அப்ப பேசி வெச்சுக்கோம்மா” என்று மகள்தான் அந்தச் சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். போன் சிரிக்காது, கடைக்குப் போய்ச் சொல்லாது. புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்க, இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னதை ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. உண்டியலில் போட்டதை எண்ணிப் பார்ப்பார்களா?

இப்படி இருக்கையில் போன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலை டிபன் முடிவதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். நாத்தனார் பேரனுக்குக் காது குத்தும்போது படம் எடுக்கப் போனால் ‘இடமில்லை’ என்று கையை விரித்தது. அதே சமயத்தில் துளசிங்கத்தின் போன் கடையிலிருந்த தண்ணீர் டிரம்மில் விழுந்து உயிரை விட்டது. தீபா அம்மாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கினாள். அப்பாவுக்கும் ஒன்று வாங்குவதாகச் சொன்னாள்.

“எனக்கு இன்னாத்துக்குமா புச்சு? உங்கம்மாவோட பழச குடு, போதும்” என்று துளசிங்கம் அடம்பிடித்தார்.

அங்காளம்மாள் பழைய போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அத்தனை கனவும் இந்த ஓட்டை வாயின் கைக்குப் போவதா? அதற்குப் பதில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மைக் கட்டிச் சொல்லிவிடலாமே!

ஞாயிற்றுக்கிழமை தீபா வந்து உட்கார்ந்தாள். நம்பர்கள், படங்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் புதுப் போனுக்கு மாற்றினாள். சிம்மைக் கழற்றினாள். பழைய போனிலிருந்து அம்மாவின் கணக்கையும் மறக்காமல் நீக்கினாள்.

“இத எடுக்காம அழிச்சா, அப்புறம் பழைய பாஸ்வேர்டு கேட்டு உயிர வாங்கும்மா. கடைசியா ரீசெட் அடிச்சா போதும், கடையிலேர்ந்து வந்தப்போ எப்டி இருந்துச்சோ அப்டி ஆயிடும்.”

“ஒன்னுமே இருக்காதா?”

“ஒன்னுமே இருக்காது.” சொல்லிக்கொண்டே தீபா எதையோ பார்த்துப் புருவம் தூக்கினாள். “அம்மா, இன்னாம்மா இது? குரல் பதிவு இவ்ளோ கெடக்கு? இதான் போன் மொத்தத்தையும் தின்னுகினு கீது!”

“அதுவா… சாமி பாட்டு.”

“ஒவ்வொன்னும் மணிக்கணக்கா ஓடுது. அவ்ளோ நேரமா பாடுன?” மகள் சிரித்தாள். “மதியானம் பொறுமையா கேட்டு, வேணுமா வேணாமானு சொல்லு. வேணும்னா புதுசுல ஏத்திடறேன். வேணாம்னா சாயங்காலம் அழிச்சிடலாம். அழிச்சா திரும்ப வராது, பாத்துக்கோ.”

மணிக்கணக்கா? அங்காளம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கனவைச் சொல்லவும் அவளுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை. சாப்பாடானதும் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். காற்று இதமாக இருந்தது. தாம்பரம் பக்கம் போகிற மின்சார ரயில் தூரத்தில் ஓசையை இழுத்துக்கொண்டே போனது. ஒரு பதிவைத் தொட்டாள்.

‘கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். எல்லா பஸ்சுலயும் போர்டுல என் பேரு. கண்டக்டருங்க எல்லாம் அங்காளம்மா, அங்காளம்மானு கூவிகினு கீறாங்க. எந்த பஸ்சுல ஏர்றதுனு தெர்ல…’

அது தன் குரல் என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆனது. தூக்கம் கலையாத, இளகின குரல். யாரோ சின்னப் பெண் பேசுகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கனவு முடிந்தது, ஆனால் பதிவு நிற்கவில்லை. கொலுசுச் சத்தம் நகர்ந்து போயிற்று. கதவு கிறீச்சிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அட பைத்தியமே, பேசி முடித்துப் பொத்தானை அமுக்காமலே போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுப் போயிருக்கிறாள்! ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முக்கால்வாசி நாளும். சார்ஜ் தீர்ந்து போன் தானாகச் சாகிறவரை அது பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. பாவம், குற்றமெல்லாம் போன் தலையில்!

நிறுத்தப் போனாள். கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஓர் ஆண் குரல், தனக்குத்தானே, மெதுவாக:

‘ஏறினாளா இல்லியானு சொல்லாமலே போறா பாரு.’

அங்காளம்மாள் விறைத்துப் போனாள். துளசிங்கம்! இன்னொன்றைப் போட்டாள். அதில் நீர்யானை ஒன்று அவள் வீட்டு வாசலில் கோலம் போட்டது. இவள் போன பிறகு போர்வைக்குள் அடக்கி அடக்கிச் சிரிக்கிற சத்தம். ‘நீர்யானைக்கு கோலம் வருது, என் தங்கச்சிக்கு வர்ல.’ இன்னொன்றில் ஒன்றுமில்லை, ‘ம்… ம்…’ என்று கடைசிவரை உம் கொட்டுகிற முனகல் மட்டும். அடப்பாவி மனுஷா, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டா இருந்தாய்!

முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். இறங்கிப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று எழுந்தே விட்டாள். விரல் பட்டு அடுத்த பதிவு ஓடத் தொடங்கியது.

‘பைய எடுத்துகினு வூட்ட வுட்டு நடக்கறேன். ரோடு நீளமா, வெள்ளையா போய்கினே கீது. திரும்பித் திரும்பிப் பாக்கறேன். யாருமே கூப்டல.’

அந்தக் காலையை அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அழுதுகொண்டே இட்லி ஊற்றினாள். கேட்டவர்களிடம் வெங்காயம் என்றாள். பதிவில் ரொம்ப நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது. பிறகு அந்தக் குரல் கரகரத்தது.

‘நான் எங்க போனேன் அப்போ? நான் கூப்ட்டிருக்க மாட்டேனா?’

அவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். தொட்டியில் முதுகைச் சாய்த்தபடி விக்கி விக்கி அழுதாள். தண்டச் சேதியைக்கூட மதியத்துக்குள் வண்டலூர் முழுக்கப் பரப்புகிற மனுஷர், இதில் ஒரு வார்த்தையைக்கூட வெளியே விட்டதில்லை. கடையில் ஒருத்தனும் நீர்யானையைப் பற்றிக் கேட்டதில்லை. பஸ்ஸைப் பற்றிக் கேட்டதில்லை. பழைய போன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது எதற்கு என்பதும் இப்போது புரிந்தது. தான் தூங்கிப்போய் நழுவவிட்ட கனவுகளைக் கேட்கத்தான் அவருக்கு ஆசை. அவள் மேல் ஒரு மேகம் நின்று, நகர்ந்து, போயிற்று. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் இறங்கி வந்ததும் தீபா கேட்டாள்: “இன்னாம்மா, ஏத்தட்டுமா?”

“வேணாம். அழிச்சிடு.”

“மொத்தமுமா? நல்லா யோசிச்சியா?”

“யோசிச்சிட்டேன். கேக்கறதுக்கு ஆளு கீறப்போ பொட்டியில இன்னாத்துக்கு? எதை அமுக்கணும்னு காட்டு, நானே அமுக்கறேன்.”

மகளுக்குப் புரியவில்லை, ஆனாலும் காட்டினாள். அங்காளம்மாள் அமுக்கினாள். திரை கறுத்து, கொஞ்ச நேரம் எதையோ நினைப்பதுபோல் கிடந்து, பிறகு வெள்ளையாக விழித்து ‘வணக்கம்’ என்றது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

கடையிலிருந்து வந்த துளசிங்கம் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் பூட்ச்சா?”

“எல்லாம் பூட்ச்சு” என்றாள் அங்காளம்மாள்.

“பாட்டு கீட்டு எதுனா…?”

“ஒன்னுமில்லய்யா. சுத்தமா தொடச்சாச்சு.”

அவர் முகம் விழுந்துவிட்டது. வாயே ஓயாத மனுஷர் அன்றைக்குப் பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் போய்ப் படுத்தார். உள்ளுக்குள் அவளுக்கு இரக்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் விடியற்காலை சிங்கம் உறுமியது. எழுந்து உட்கார்ந்தாள். புதுப் போன் மேஜையில் கிடந்தது, அதைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகைத் தட்டினாள்.

“யோவ், முழிச்சுகினுதான் கீறனு தெரியும். இந்தப் பக்கம் திரும்பு. இனிமே மூஞ்சிய பாத்துதான் சொல்லப்போறேன்.”

முதுகு அசையவில்லை. பிறகு மெள்ளத் திரும்பினார். கையும் களவுமாகப் பிடிபட்ட முழி. அங்காளம்மாள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதிரே ஒரு முகம்; அதைப் பார்த்த பதற்றத்தில் ராத்திரி வந்த கனவு சுத்தமாக மறந்துவிட்டது!

“அய்ய… மறந்துட்டேன்யா” என்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

 துளசிங்கம் நகர்ந்து, தன் தலையணையில் அவளுக்கு இடம்விட்டார்.

“பரவால்ல, படு. எனக்கு ஒன்னு வந்துச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல” என்றார். “நீ சிரிக்க மாட்டியே?”