தாமரைக்கு மேலே ஒரு பிளக்

எங்கள் உறையூர் தெருவின் வாட்ஸ்அப் குழுவில், காலை பத்து மணியிலிருந்து மின்தடை என்ற அறிவிப்புக்குக் கீழே, தியாகராஜன் சார் காலமான செய்தி வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒருவர் கைகூப்பியிருந்தார். கட்டடங்களின் வயரிங்கைப் பரிசோதித்துச் சான்று கொடுத்தே வாழ்ந்தவர் அவர். மாரடைப்பு. மின்சாரத்துக்கு அதில் பங்கில்லை என்று அவரே எழுதிக் கொடுத்திருப்பார்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்: “மெயின் எங்கேங்க இருக்கு?” மகளுக்கு வரன் பார்க்கச் சமயபுரம் போனபோதும் கேட்டார். கேசரித் தட்டோடு நின்ற பையனின் அம்மா மாடிப்படிக்குக் கீழே கைகாட்டினார். அங்கிருந்த மெயின் சுவிட்சைப் பார்த்துத் திருப்தியோடு திரும்பிய பிறகுதான் பையன் என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்தார்.

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றைப் பரிசோதிக்கப் போனபோது, ஏணி பிடிக்க என்னையும் அழைத்துப் போனார். மணமேடைக்கு மேலே புதிதாக ஃபால்ஸ் சீலிங். அதிலிருந்த சிறிய திறப்பு வழியே எட்டிப் பார்த்தால், மேலே ஏசி தண்ணீரை வெளியேற்றும் சிறிய மோட்டார். அதன் வயர் வளைந்து நெளிந்து போய் ஒரு பிளக்கில் முடிந்தது. குழாய்க்குள் நிலையாக வயர் இழுக்க வேண்டும், ஆள் உள்ளே ஏறிப் பார்க்கும் அளவுக்குப் பெரிய திறப்பு வேண்டும் என்றார் சார்.

“மணமக்கள் தலைக்கு மேல வாயப் பொளந்த மாதிரி ஓட்டை இருந்தா யாருங்க புக் பண்ணுவாங்க?” என்றார் முதலாளி.

“பிளக்குன்னா கை நீட்டிப் பிடுங்கணும். எட்டாத இடத்துல இருந்தா அது பிளக் இல்லீங்க, திரி” என்றார் சார்.

அவர் சான்று கொடுக்கவில்லை. வேறு ஒருவர் கொடுத்தார். ஜோசியரைக் கேட்டு, இருந்த சிறிய திறப்பையும் மூடி, அதன்மேல் தங்க நிறத் தாமரை ஒன்றை ஒட்டினார்கள்.

சாருக்கான இரங்கல் கூட்டம் நடந்தது அந்த மண்டபத்தில்தான். முதலாளி பெருந்தன்மையோடு ஏசியையும் போட்டுக் கொடுத்தார். தாமரைக்கு நேர் கீழே சாரின் படம். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஆள் பேசும்போது லேசான கருகல் வாசனை. படத்துக்கு முன்னால் புகைந்த சாம்பிராணி என்று எல்லோரும் நினைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். தாமரையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம்.

எழுந்து போய் மெயினை அணைத்தேன். முதலாளி வந்தார்.

“மேல ஏதோ கருகுதுங்க. ஆளை வச்சுப் பாக்காம போடாதீங்க” என்றேன்.

“சாயங்காலம் ரிசப்ஷன் இருக்கு சார். இந்த மாச முகூர்த்தமெல்லாம் முடியட்டும், பாத்துக்கலாம்.”

மீதிக் கூட்டம் இருட்டிலும் வியர்வையிலும் நடந்தது. அதனால் யாரும் அதிகம் புகழவில்லை. அது சாருக்குப் பிடித்திருக்கும்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது பின்னால் மண்டபத்து விளக்குகள் எல்லாம் மறுபடி ஒன்றாக எரிந்தன. ஏசியின் உறுமல் கேட்டது. பட்டுப்புடவைகள் படியேறத் தொடங்கியிருந்தன.

தியாகராஜன் சாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு கேள்விதான். அங்கே யாரும் அதைக் கேட்கப் போவதில்லை என்பதால், பதிலையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று படியிலேயே நின்றேன். பரிசுப் பெட்டியோடு வந்த முதல் ஆளிடம், “மெயின் சமையல்கட்டுப் பக்கம், நாற்காலி அடுக்குக்குப் பின்னால இருக்குங்க” என்றேன்.

அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சாப்பாடு எந்தப் பக்கங்க?” என்றார்.