செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

ஜிபர்குலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அத்-பாஷி மலைப்பக்கம் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். தலைமையாசிரியர் ஷார்ஷென் அகைக்கு (ஆண் வாத்தியாரை அங்கே ‘அகை’, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்) மட்டும் அது எப்படித்தான் மறந்துபோனதோ! மாவட்டக் குழு வருகிறது, எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் ‘திறந்த பாடம்’ நடத்திக் காட்ட வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னவர், கூடவே ஐந்து பெயர்களையும் சொன்னார்.

“இந்த அஞ்சு பேருக்கும் அன்னைக்குக் காய்ச்சல்.”

“அடுத்த செவ்வாக்கிழமை வரப்போற காய்ச்சல் உங்களுக்கு இப்பவே எப்படித் தெரிஞ்சுது, அகை?”

“எகத்தாளம் பேசாதம்மா. வருஷா வருஷம் நடக்கிறதுதானே.”

நடக்கிறதுதான். திறந்த பாடம் என்றாலே ஒத்திகை பார்த்த கூத்து. எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. அந்த இடது கையைக்கூட நம்பமுடியாத பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். வெட்கங்கெட்ட பிழைப்பு!

அந்த ஐந்து பேரில் முதல் பெயர் உல்ஜான். ஆட்டுக்காரர் மகள். மந்தையோடு அவள் கோடை மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் பள்ளி திறந்து ஒரு மாதம் ஓடியிருக்கும். ஆறாம் வகுப்பில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தாள், வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். ஜிபர்குல் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், ஒருநாள் சாக்பீஸைக்கூட வீசிப் பார்த்தாள். ம்ஹூம்.

பிறகு, பள்ளிகள் மூடிக்கிடந்த வருஷத்தில், ஜிபர்குல் காசில்லாமல் கிடைக்கிற இணையத் தளங்களை ஒவ்வொன்றாகக் குடைந்து தானாகவே பழகினாள். நரின் டவுனுக்கு வேன் ஓட்டும் புருஷன், “நீ எனக்குப் பொண்டாட்டியா, போனுக்கா?” என்று கிண்டலடித்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதில் ஒரு தளம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. டீச்சர் கேள்வி போட்டால் பிள்ளைகள் போனில் பதில் எழுதலாம். எழுதியது பெயரில்லாமல் திரையில் வரும், பெயர் டீச்சருக்கு மட்டும் தெரியும். பலபேர் ஒன்றையே எழுதினால் அது பெரிதாகும். ஒருத்தர் மட்டும் எழுதியது சின்னதாக ஓரத்தில் நிற்கும். யார் எழுதியது என்று பிள்ளைகளுக்குத் தெரியாததால் யாரும் சிரிக்கவில்லை. சில வாரங்களில் உல்ஜான் எல்லோருக்கும் முந்தி எழுத ஆரம்பித்தாள். அவளிடம் அத்தனை சொற்கள் இருந்தன!

அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் படுக்கச் சொல்கிறார் இந்த மனுஷன்.

“அவ மத்தவங்களவிட அதிகமா எழுதுறா, அகை.”

“எழுதுவா. எழுப்பி நிக்க வச்சுக் கேட்டா பேசுவாளா? மானம் யாருக்குப் போகும்?”

“புள்ளையைத் துரத்திவிட்டுக் காப்பாத்துறது ஒரு மானமா?”

“இங்க பாரு. அவங்க வகுப்புல இருந்தா, அடுத்த வருஷம் நீ அந்த வகுப்புல இருக்கமாட்ட.”

பெற்றோர்களுக்கு அவரே போன் செய்து சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல ஜிபர்குல் தளத்தின் நுழைவு எண்ணை வகுப்பின் போன் குழுவில் போட்டாள். அந்த ஐந்து பேரும் அதே குழுவில்தான் இருந்தார்கள். வேறு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மாவட்டக் குழு வந்தது. அதன் தலைவி தாமாரா எஜே, அதாவது தாமாரா அக்கா, முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஆசிரியர் அறையில் விருந்துக்கு இறைச்சி வெந்துகொண்டிருந்தது. “இன்று எப்படி இருக்கிறாய்?” என்பதுதான் அகை ஒப்புக்கொண்ட கேள்வி. ஒத்திகை பார்த்த ‘நலம்’, ‘மகிழ்ச்சி’ இரண்டும் திரையில் ஊதிப் பெருத்தன. அகை முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

அப்போது ஓரத்தில் சின்னதாக ஒரு ஆங்கில வரி: ‘எனக்கு நோய் இல்லை.’ மறுபடியும் அதே வரி வந்தது. மறுபடியும். அதுவும் பெருக்க ஆரம்பித்தது.

“யாரு எழுதினது இது?” என்று தாமாரா எஜே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

“ஓசித் தளம்தானே எஜே, எவனோ வெளியாள் புகுந்திருக்கான். அணைச்சிடும்மா!” என்று அகை ஒயரைப் பிடுங்க ஓடிவந்தார்.

ஜிபர்குல் குறுக்கே நின்றாள். “கையை எடுங்க, அகை. வெளியாள் இல்ல, என் பிள்ளைங்க. நீங்க வர்றீங்கன்னு இவர் அவங்கவங்க வீட்டுல படுக்கவச்ச பிள்ளைங்க, எஜே!”

தாமாரா எஜே கண்ணாடியைக் கழற்றினாள். “சரி, விடும்மா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உள்ளதுதானே. பாடத்தை நடத்து.”

எல்லாப் பள்ளியிலுமாம்! ஜிபர்குல் பழைய கேள்வியை அழித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் புதிதாக ஒன்றை அடித்தாள்: ‘நீ இப்போது எங்கே இருக்க வேண்டும்?’

வகுப்பிலிருந்தவர்கள் விழித்தார்கள், இதற்கு யாரும் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. பிறகு வந்தது: ‘ஜன்னல் பக்கம், இரண்டாவது மேசை, எய்சுலுவுக்குப் பக்கத்தில்.’

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எய்சுலு ஒண்டியாக, முன்னால் மேசைகூட இல்லாமல், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலியிடம் தெரியக்கூடாதென்று உல்ஜானின் நாற்காலியை அகை முந்தினநாளே மேசையோடு தூக்கி வெளியே போட்டிருந்தார்.

ஜிபர்குல் கோட்டை எடுத்து மாட்டினாள்.

“எங்கம்மா போற? குழு உக்காந்திருக்கு!” என்றார் அகை.

“உக்காந்திருக்கட்டும். நான் வர்றதுக்குள்ள அந்த மேசையைத் தூக்கிட்டு வந்து வைங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உல்ஜான் வீட்டுக்கு நடந்தாள்.