பத்து மணிக்கு எழுந்து நிற்பவள்

மென்பொருள் வேலையில் தனிமை எப்போதும் உண்டு. அஜைல் என்ற புது முறை வந்தபின் அதற்கும் தினமும் காலை பத்து மணி என்று நேரம் குறித்துவிட்டார்கள். குழு சென்னையில். நான் மட்டும் ராமநாதபுரத்தில், கண்பார்வை மங்கிவரும் அப்பாவோடு; எங்கள் ஊர் வழக்கில் அய்யா. அவர் ஊரை விட்டு வரமாட்டார். நான் அவரை விட்டுப் போகமாட்டேன். என்னைப்போல் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரோடு மாரடிக்கும் சகபாவிகளுக்கு மேலே சொல்லவே வேண்டாம்.

நில்

புது முறைப்படி எல்லோரும் வட்டமாக நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்லணும்: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், தடங்கல் ஏதும் உண்டா? உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடுமாம். அங்கே அவர்கள் வட்டம். இங்கே நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, அலமாரியைப் பார்த்து நின்றேன்.

"ஏத்தா, நீ உக்காந்தா அங்கன இருக்கவுகளுக்குத் தெரியவா போகுது?" என்றார் அய்யா.

சீட்டு

ஒவ்வொருவர் வேலையையும் மஞ்சள் சீட்டில் எழுதிச் சென்னை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் பேசக் கூப்பிடுவார்கள். ஒருநாள் ஃபேன் காற்றில் என் சீட்டு விழுந்து குப்பையோடு போய்விட்டது. நின்று நின்று பார்த்தேன், என் முறை வரவே இல்லை. கால் வலித்ததுதான் மிச்சம். பொறுக்காமல் குழுவிலிருந்த மாலதிக்கு நானே போன் போட்டேன்.

"அடடே, உனக்கும் வேலை இருந்துச்சா?" என்றாள்.

ஜோடி

அடுத்து, ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்: ஒருவர் புரோகிராம் எழுத, ஒருவர் கூடவே பார்க்க. ஆளாளுக்கு ஜோடி கிடைத்தது. "நீ தனியாவே பிரமாதமா பண்ணுவே" என்று பாராட்டியே என்னைக் கழற்றிவிட்டார் குழுவை நடத்தும் லீடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டிருக்கணும், அய்யா தடவித் தடவி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன்ல. நீ தட்டு."

தடங்கல்

கடைசியில், குழு என்றால் ஒரே அறையில் இருக்கணும் என்று முடிவாயிற்று. சென்னைக்கு வா, இல்லையென்றால் வேலையை விடு. மூன்றாவது கேள்விக்குத் தினமும் 'இல்லை' என்றே சொல்லிவந்தவள், அன்று சொன்னேன்: "இருக்கு சார். அய்யாவைத் தனியா விட்டு வர முடியாது." லீடு நல்ல மனுஷன்தான், வருத்தப்பட்டார். வேலை போனது போனதுதான்.

மறுநாள் பத்து மணிக்குப் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். போன் அடிக்கவில்லை. ராமேஸ்வரம் வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது. சே, அந்த மூன்று கேள்விக்காகவா இப்படி ஏங்குவேன்! கட்டிலில் இருந்த அய்யா சுவரைப் பிடித்து எழுந்து, எனக்கு எதிரே வந்து நின்றார்.

"நேத்து என்ன செஞ்சே, இன்னைக்கு என்ன செய்யப் போறே, தடங்கல் ஏதும் இருக்காத்தா?"

வேலை போய், பேச ஆளும் போய் நின்ற நான், எல்லா அஜைல் கூட்டத்திலும் எல்லோரும் சொல்கிற பொய்யையே சொன்னேன்: "ஒண்ணும் இல்லைய்யா."