பெண் பார்க்கப் போன பிளாஸ்க்

நாலு நாளாக எனக்கு வயிறு சரியில்லை. கஞ்சியும் மோருமாக ஓடுகிறது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஈப்போவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். என்ன ஆச்சா? ஓர் இடத்தில் மரியாதையாக நடந்துகொண்டேன், அதுதான் ஆச்சு!

போன ஞாயிற்றுக்கிழமை லகாட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். எனக்கில்லை — என் வீட்டுக்காரியும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள் — என் நண்பன் சோமுவுக்கு.

சோமு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. நல்ல உத்தியோகம், தங்கமான குணம். வயதுதான் முப்பதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. காரணம், முன்யோசனை. தேள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் சப்பாத்துக்குள் காலை விடமாட்டான். டிக்கெட் ஜன்னல் திறப்பதற்கு முன்பே ஸ்டேஷனில் போய் நிற்பான். தெலுக் ஆன்சனில் ஒரு நல்ல பெண் வந்தது. ஆற்றோர ஊர், தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து வெள்ளம் வரும் என்று தட்டிக் கழித்தான். சித்தியவானில் இன்னொன்று. வழியில் மரப்பாலம் ஆடுகிறதாம்! பாலத்தின் மேலேயா குடித்தனம் நடத்தப் போகிறான்?

லகாட் பெண் மீனாட்சி விஷயம் மட்டும் வேறு. கோயில் திருவிழாவில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து ஆள் ஆளாக இல்லை.

"மச்சான், இந்த எடம் தவறிப்போச்சுன்னா நான் அப்புறம் கல்யாணமே கட்டமாட்டேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

பெண்ணின் தகப்பனார் வேலாயுதம் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கம்பீரமான மீசை, கணீரென்ற குரல். வாசலுக்கே வந்து வரவேற்றார். உட்காரச் சொன்னதும் நம் மாப்பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? நாற்காலியை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மீசை லேசாகத் துடித்தது.

அடுத்து, வந்தவர்களுக்குத் தண்ணீர். வேலாயுதமே செம்பை எடுத்து நீட்டினார். சோமு கும்பிட்டான். பிறகு பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி நிதானமாகக் குடித்தான்.

பெண் கேட்டுப் போன வீட்டில்... சொந்தத் தண்ணீர்!

"என்னாங்க தம்பி, எங்க வூட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆகாதா?"

"அய்யய்யோ, அப்படி இல்லீங்க. இந்தப் பக்கம் பூரா ஈயச் சுரங்கம். அந்தத் தண்ணியெல்லாம் கிணத்துக்குள்ள எறங்குதுன்னு சொல்லிக்கிறாங்க. அதான் கொதிக்க வெச்சு..."

"சும்மா இரு லா!" என்று காதைக் கடித்தேன். குடும்ப மானம் போகிறதே என்று அந்தச் செம்பை வாங்கி மடக் மடக்கென்று குடித்தேன். போதாதென்று இன்னொரு செம்பும் கேட்டு வாங்கினேன். என் வயிற்றின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி. சோமு செய்ததற்குப் பெயர் என்ன? முன்யோசனையா, ஜாக்கிரதையா, பயமா, இல்லை வெறும் அதிகப்பிரசங்கித்தனமா? இந்த வார்த்தைகளெல்லாம் ஒரே வீட்டில் அறை அறையாகக் குடியிருக்கின்றன. எந்தக் கதவைத் தட்டினால் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. நான் குடை எடுத்துப் போனால் முன்யோசனை. நீங்கள் எடுத்துப் போனால் பயம். தோட்டத்துத் துரை ஒரு விஷயத்தை ஆறப்போட்டால் விவேகம். அதையே கிராணி செய்தால் சோம்பேறித்தனம். மழை வந்த பிறகுதானே குடைக்கே மரியாதை?

அதற்குள் மீனாட்சி காப்பித் தட்டோடு வந்தாள். ஆண்டவா, இனியாவது இவன் வாயைத் திறக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். திறந்தான்.

"காப்பி... நல்லா கொதிச்சதுதானுங்களே?"

வேலாயுதம் எழுந்துவிட்டார். தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சரி, போயிட்டு வாங்க. நாங்க சொல்லியனுப்புறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சோமுவின் முகம் வெளுத்துவிட்டது. பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை கொடுக்கலாம் போலவும் இருந்தது.

"கொதிச்சதுதான்" என்றாள் மீனாட்சி. "நானே பக்கத்துல நின்னு கொதிக்க வெச்சேன்."

பிறகு தகப்பனார் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அவரை ஏன் போகச் சொல்றீங்க? சின்னம்மா வாந்திபேதியில போனப்பவே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நம்ம கிணத்துத் தண்ணியத்தானே காரணம்னு சொன்னாரு? கொதிக்க வைப்போம், கொதிக்க வைப்போம்னு நானும் எத்தனை தடவ கெஞ்சியிருக்கேன்? வெறகு வீணுன்னீங்க. இந்த வூட்டுல இத்தனை பேரு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. கேள்வி கேட்டவரு இவரு ஒருத்தருதான்."

அந்தச் சின்னம்மா வேலாயுதத்தின் சொந்தத் தம்பி மனைவி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெரிய மனிதர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஒனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம்தான்."

"தம்பி, ஒங்களுக்கு?"

வாசகர்களே, இந்தப் பெண் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று என்னிடம் அழுத ஆள். தகப்பனார் இறங்கி வந்தாயிற்று. பெண் வாயாலேயே சொல்லியாயிற்று. மாப்பிள்ளை எச்சிலை விழுங்கினான், மோட்டுவளையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்...

"நல்லா யோசிச்சு, ஒரு வாரத்துல சொல்றேங்க."

அவன் காலை ஓங்கி மிதித்தேன். தேளுக்குப் பயந்து வாசலில் கழற்றாமல் வந்த சப்பாத்து, உறைக்கவில்லை.

உள்ளே போகத் திரும்பிய மீனாட்சி கதவருகே நின்றாள்.

"அப்பா, அவருக்கு வாரமெல்லாம் குடுக்காதீங்க. குடுத்தா வருஷமாயிரும். அவருக்கும் சேத்து நானே யோசிச்சு முடிச்சிட்டேன்."

சோமு அவளை நிமிர்ந்து பார்த்தான். வாழ்நாளில் முதல் முறையாக, எதையும் தட்டிப் பார்க்காமல், ஆட்டிப் பார்க்காமல், "சரிங்க" என்றான்.

யோசிக்கத் தெரிந்தால் அது முன்யோசனை. யோசனையை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால்தான் விவேகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது ஒருவனிடம் இருக்கலாம், இரண்டாவது பெரும்பாலும் அவன் கட்டிக்கொள்பவளிடம் இருக்கிறது.

தை மாதம் கல்யாணம். தேதியைப் பெண்ணே குறித்துவிட்டாள் — மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை.