நீலச் சட்டைக்காரர்

ஒரு சிறுமியின் சாட்சியத்தை நான் அழித்தேன். அழித்ததோடு நின்றேனா? அதே இடத்தில் என் கையால் ஒரு பொய்யை வரைந்தேன். பிறகு வாய் திறந்து, ஆமாம், அது உண்மைதான் என்று இரண்டு முறை சொல்லவும் சொன்னேன்.

இதெல்லாம் நடந்தது நீதிமன்றத்தில் அல்ல. ஒரு பழைய காரின் கூரைத் துணியில். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... முதலில் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் ஃபினிஷிங் பகுதியில் இருந்தவள். தோலைத் தைப்பவர்கள் அளவுக்காக அதன்மேல் பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். ஷூ பெட்டிக்குள் போகும்முன் அந்தக் கோடுகளையும் பசைத் திட்டுகளையும் க்ளீனரில் நனைத்த துணியால் துடைப்பது என் வேலை. பேனாக் கோட்டைக் கண்டால் துடை, அவ்வளவுதான். தூக்கத்தில்கூட உன் கை துடைக்கிறது என்று என் கணவர் கேலி செய்வார். இப்போது அவருடைய கார் சீட் கடையில் தையலும் ஒட்டு வேலையும் என் பொறுப்பு.

போன சித்திரை வெயிலில் பலராமன் வந்தார். ஒடுகத்தூரில் வேர்க்கடலை வியாபாரி. அவருடைய வெள்ளைக் காருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கூரைத் துணி அட்டையை விட்டுப் பிரிந்து தொங்கி, ஓட்டுகிறவர் தலையை மூடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த ஃபோம் பொடிந்து அவர் தோளெல்லாம் மஞ்சள் தூள்.

"புதுத் துணி போட்டுடலாம் சார். இது செத்துப்போச்சு" என்றேன்.

"வேணாம்மா. இதையே ஒட்டிக் குடு. நாலு நாள் ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல." பின் சீட்டுக்கு மேலே கையை நீட்டினார். "எம் பொண்ணு சின்ன வயசுல கிறுக்கினது. அவங்கம்மா செத்ததும் அவளும் வீட்ட விட்டுப் போய்ட்டா. பாகாயத்துலதான் இருக்கா, ஒரு பஸ் தூரம். ஒம்போது வருஷமா வர்றதில்ல."

எட்டிப் பார்த்தேன். நீல பால்பேனாவில் ஓர் அம்மா. அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. ஓர் ஆடு, ஒரு சூரியன். கீழே 'தேனு' என்று பெயர். மனிதர்கள் என்று பார்த்தால் இரண்டே பேர். என் ஞாபகத்தில் எத்தனையோ ஓட்டைகள் உண்டு. ஆனால் இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை!

அட்டையைப் பின்கதவு வழியாக இறக்கினேன். துணியை உரித்து, தூளையெல்லாம் பிரஷால் தட்டி, மெல்லிய புது ஃபோம் வைத்து, பசை அடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. கணவர் ரெக்சின் வாங்க வேலூர் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுப் பசை சிந்தியிருந்தது. க்ளீனர் துணியால் துடைத்தேன். பசை போயிற்று. கை நிற்கவில்லை! பக்கத்தில் ஒரு பேனாக் கோடு... துடை. அதற்கடுத்து இன்னொன்று... துடை. மனம் மத்தியானக் குழம்பில் இருந்தது. கண்ணில் உறைத்தபோது சூரியன் இல்லை, ஆடு இல்லை, சிறுமி இல்லை, பெயரும் இல்லை. அம்மா மட்டும் கரைந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கறையாகப் பரவியிருந்தாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதைச் சொல்லியே தப்பித்துக்கொள்ளலாம். கை செய்த தவறு அது. ஆனால் அடுத்ததைச் செய்தது கை அல்ல, நான்!

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஏன் சொல்லவில்லை? பயமா? பயமென்றால்கூட என்னை நானே மன்னித்திருப்பேன். அது ரோஷம். கை சுத்தமான வேலைக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். ஒரு கிழட்டுக் காரின் முன் தலைகுனிவதா?

பக்கத்துக் கடையில் ஒரு நீலப் பேனா வாங்கினேன். குழந்தைக் கோடு வரவேண்டுமென்று இடது கையால் வரைந்தேன். அம்மா, சிறுமி, ஆடு, சூரியன், தேனு. எல்லாம் வந்தது. அந்தக் கறை மட்டும் போகவில்லை. துடைக்கத் துடைக்க அகன்றது. கடைசியில் கறைக்கு மேலே ஒரு தலை வரைந்தேன், ஒரு மீசை வைத்தேன், கீழே இரண்டு கால்கள் இழுத்தேன். கறை நீலச் சட்டையாகிவிட்டது. குடும்பப் படத்தில் அப்பா நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்... வெட்கமாக இருக்கிறது.

வண்டி எடுக்க வந்த பலராமன் பின் சீட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் எப்பவும் முன்னாடி ஓட்டுற ஆளு. இத்த ஒருநாளும் ஒழுங்கா பார்த்ததில்ல. இது... நான்தானேம்மா?"

"ஆமா சார். மீசைய பாருங்க" என்றேன்.

அந்தப் பெரிய மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் தோழி ஒருத்தியிடம் அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒருத்தருக்கு நல்லது செய்துவிட்டேன் என்று!

ஆடி மாதம் கார் மறுபடி வந்தது. பின்கண்ணாடி ஓரம் கூரைத் துணி வெயிலில் கொஞ்சம் பிரிந்திருந்தது. இம்முறை முன் சீட்டிலிருந்து ஒரு பெண்ணும் ஆறு வயதுக் குழந்தையும் இறங்கினார்கள். தேன்மொழி. அப்பா அந்தப் படத்தை ஃபோனில் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு பலராமன் பிரியாணி வாங்கப் போனார். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஒட்டும்போது பார்த்திருப்பீங்க. அவரு அதுல இருந்தாரா?"

என் கையில் பிரஷ். பசை காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா கேக்கற?"

"இந்த வண்டியிலயே எங்கம்மாவ அடிச்சிருக்காரு. நான் பின்னாடி படுத்துக்கினு மேல பார்த்துனே இருப்பேன். அவர வேணும்னேதான் விட்டுட்டு வரைஞ்சேன். அப்படித்தான் ஞாபகம். ஒம்போது வருஷம் அந்த ஞாபகத்துலதான் போகாம இருந்தேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேத்தியின் விரலைப் பிடித்தபடி கிழவர் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"இருந்தாரும்மா" என்றேன்.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். "அப்ப நான்தான் எல்லாத்தையும் தப்பா நினைச்சுக்கினு இருந்திருக்கேன், இல்லக்கா?" அவர் வந்ததும் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "ஸாரிப்பா" என்றாள். என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்? கேட்டவள் யார்? அவளுடைய தாய்க்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சிறுமி. அவளை அவளுக்கே பொய்யாக்கியது நான் அல்லவா?

கிழவர் மாறியிருக்கலாம். மாறியிருப்பார் என்றுதான் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தேன்மொழியின் கணவர் குவைத்தில் இருக்கிறார். அவள் ஒடுகத்தூர் வீட்டுக்கே குடிபோய்விட்டாள். குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டு வேலூருக்கு வேலைக்குப் போகிறாள். இது தெரிந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வெள்ளைக் கார் எது போனாலும் தைப்பதை நிறுத்திவிட்டுப் பின் சீட்டைப் பார்க்கிறேன். கண்ணாடிக்குள் என்ன தெரியும்?

போன வாரம் தேன்மொழி ஃபோன் செய்தாள்.

"அக்கா, ஒரே பேஜாரு. எம் பொண்ணும் பேனாவ எடுத்து வண்டிக்குள்ள மேல கிறுக்கி வச்சிருக்கா. இன்னா போட்டுத் துடைக்கிறது?"

"துடைக்காதே!" கத்திவிட்டேன். கணவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். குரலை இறக்கிக் கேட்டேன். "யார் யார வரைஞ்சிருக்கா?"

அவள் சிரித்தாள். "நானும் அவளும்தான். ஒரு பூனை."

"தாத்தா?"

"தாத்தா இல்ல... ஏங்க்கா கேக்கறீங்க?"

லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது ரோட்டில் லாரி எதுவும் போகவில்லை.